சாவி போட்டதும் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டால்

வணக்கம் நண்பரே. மின்வண்டியாக மாற்றும் மாருதி 800-இல் பழைய ஃபோர்க்லிஃப்ட் (சரக்கு தூக்கும் வண்டி) மோட்டார், 72 வோல்ட் பேட்டரி, நீங்களே செய்த மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) கன்ட்ரோலர்; சாவி போட்டதும் பொறி பறந்து, பேட்டரியை இணைக்கும் பெரிய ரிலேயான கான்டாக்டர் ஒட்டிக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கான்டாக்டர் மேல் தப்பில்லை. கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது, ஷார்ட் ஆன கம்பி போலக் கரன்டை இழுக்கும். என் முதல் கான்டாக்டரைப் பிரித்தபோது முனைகள் உருகி மிளகு அளவில் மணியாக ஒட்டிக் கிடந்தன. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் பிரித்தேன்.

கான்டாக்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 220 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை ஒரு சுவிட்ச் வழியாகப் போடுங்கள். முதல் இழுப்பு 0.33 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். கெப்பாசிட்டர் மொத்தம் 10,000 மைக்ரோஃபாரட் என்றால் பத்து விநாடி போதும். கன்ட்ரோலர் முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 70 வோல்ட் வந்ததும் கான்டாக்டரைப் போடலாம். ஏறவே இல்லையென்றால் உள்ளே எங்கோ ஷார்ட், போடவே போடாதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மாஸ்ஃபெட் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அப்போது பெடலிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி பாயும். அதனால் பெடலுக்கடியில் மைக்ரோசுவிட்ச் வைத்து, காலை எடுத்ததும் கான்டாக்டரை மூடிவைக்கும் காயிலுக்குப் போகும் கரன்ட் அறுபடும்படி செய்யுங்கள். காலை எடுக்கும்போதெல்லாம் கெப்பாசிட்டர்கள் காலியாகிவிடாமல் இருக்க, ஓட்டும்போது ரெசிஸ்டர் சுவிட்ச் ஆனிலேயே இருக்கட்டும். கான்டாக்டரே ஒட்டிவிட்டால்? கைக்கு எட்டும் இடத்தில் டிசி பிரேக்கர் ஒன்று கட்டாயம் வேண்டும். வீட்டு ஏசி பிரேக்கர் டிசி பொறியை அணைக்காது, அதை நம்பாதீர்கள்.

கடைசியாக, மோட்டார் சீரிஸ் வகை (ஃபீல்டு சுருளும் ஆர்மேச்சரும் தொடராக இணைந்தது) என்றால், அதை நியூட்ரலில் 72 வோல்ட்டில் சுற்றிப் பார்க்காதீர்கள், சுமை இல்லாமல் வேகம் ஏறி, சுழலும் பகுதியான ஆர்மேச்சர் சிதறிவிடும். சோதனைக்கு 12 வோல்ட் போதும்.