இரண்டு விநாடிக்கு முன்னால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2016-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியில், சுங்கக் கட்டணப் பாக்கிக்காக நிறுத்தப்பட்ட ஒரு காரின் ஓட்டுநரைக் காவலர் சுட்டுக்கொன்ற காணொளியைப் பார்த்தேன். நகரும் காரின் படியில் தொற்றிக்கொண்டிருந்த அவருக்கு இரண்டே விநாடிதான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாம் அவரை எடைபோடலாமா? அங்கே யாரிடமும் துப்பாக்கி இருக்கலாமே? என் அண்ணனும் காவலர்தான். இங்கே என்கவுன்டர் நடந்தால் நாங்கள் பட்டாசு வெடிக்கிறோம், அது தவறா?

ர., தொண்டி

அன்புள்ள ர.,

சில நாட்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருந்த விஷயத்தையே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். யாரிடமும் துப்பாக்கி இருக்கலாம் என்ற வாதத்தை விட்டுவிடுங்கள்; இருக்கலாம் என்பதற்காக ஓர் உயிரை எடுத்துவிட முடியாது.

அந்த இரண்டு விநாடிக்கு வருகிறேன். கார் நகரத் தொடங்கியது காவலர் ஏறிய பிறகு அல்ல. நகரத் தொடங்கிய காரின் மீதுதான் அவர் பாய்ந்து ஏறினார். கீழ் நீதிமன்றங்கள் அவர் தொற்றிக்கொண்டிருந்த கணத்தை மட்டும் பார்த்து அவர் பக்கம் நின்றன. 2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் திருத்தி, தொடக்கத்திலிருந்து நடந்த அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது. தானே உண்டாக்கிக்கொண்ட ஆபத்தை ஒருவர் காரணம் காட்டலாமா என்ற கேள்விக்கு மட்டும் அது விடை சொல்லவில்லை. எனக்கு அதுதான் முதற்கேள்வி.

நம் கடற்கரைக்கு இக்கேள்வி புதிதன்று. 2012 ஜூலை 16 அன்று துபாய் அருகே, ஜெபல் அலி கடலில், ரப்பஹானக் என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டதில், பிழைக்கப் போன நம் மாவட்டத்து மீனவர் ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். படகு எச்சரிக்கையை மீறி வேகமாக நெருங்கியது என்றது கடற்படை. எச்சரிக்கையே இல்லை என்றார்கள் பிழைத்தவர்கள். அந்த வாரம் தேவிபட்டினத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நான் செய்தித்தாளை வாசித்துக் காட்டினேன். வலை ஊசியை வலையிலேயே குத்தி வைத்துவிட்டு அவர் கேட்டார்: "சங்கு ஊதினானா? வெளக்குக் காட்டினானா? எம்புட்டுத் தூரத்துல வச்சு? ஒதுங்க நேரம் குடுத்தானா?" சட்டம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் நான்கு கேள்விகளில் கேட்டுவிட்டார். கப்பலில் இருந்தவனின் பயத்தை அவர் மறுக்கவில்லை. பயம் வருவதற்கு முன்னால் என்ன செய்தான் என்றுதான் கேட்டார்.

அன்று இந்தக் கடற்கரை முழுவதும் அப்படித்தான் கேட்டது. சுட்டவன் வெளிநாட்டான் என்றால் கேட்கத் தெரிந்த நமக்கு, நம் காவல்துறை சுட்டால் மட்டும் ஏன் வாய் அடைத்துப்போகிறது? பட்டாசு வெடித்தேன் என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? உங்கள் தொண்டிக்கு வடக்கே எஸ்.பி.பட்டினம் காவல் நிலையத்தில் 2014-இல், விசாரணைக்கு அழைத்து வரப்பட்ட இளைஞர் ஒருவர் நிலையத்துக்குள்ளேயே சார்பு ஆய்வாளரின் துப்பாக்கிக்குப் பலியானார். கத்தியால் தாக்க வந்ததால் தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொல்லப்பட்டது. அதை ஏற்காமல் 2018-இல் ராமநாதபுரம் விசாரணை நீதிமன்றம் சார்பு ஆய்வாளருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தற்காப்பு என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது நம் சாட்சியச் சட்டம். என்கவுன்டர் மரணத்தில் முதல் தகவல் அறிக்கையும், சம்பந்தப்பட்ட நிலையத்தைச் சாராத விசாரணையும் வேண்டும் என்றும், ஐயமறத் தெளிவாகும்வரை வீரப் பதக்கம் கூடாது என்றும் 2014-இல் நம் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருக்கிறது. பதக்கத்துக்கே இந்தத் தடை என்றால் பட்டாசுக்கு என்ன அவசரம்?

உங்கள் அண்ணனை நினைத்துத்தான் எழுதினீர்கள் என்று புரிகிறது, தம்பி. அவர் நலமாக இருக்கட்டும். நாளை அவரை நள்ளிரவில் போதிய ஆளில்லாமல் ஓர் இடத்துக்கு அனுப்பி, அவர் மிரண்டு சுட நேர்ந்தால், அந்த இரண்டு விநாடியை மட்டும் பார்க்கும் விசாரணை அவரை விடுவிக்கலாம் அல்லது தண்டிக்கலாம். அனுப்பிய அதிகாரியை அது கூண்டுக்கு அருகில்கூடக் கூப்பிடாது.