கையில் வாங்கியது இருபதாயிரம், பி.எஃப். கணக்கில் எவ்வளவு?

கேள்வி: என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 11 வருடம் 7 மாதம் அங்கே வேலை. இரண்டு மாதத்துக்கு முன் வீட்டில் மாரடைப்பு வந்து இறந்துவிட்டார். மாதம் 20,000 ரூபாய் வரை வாங்கினார், பி.எஃப். பிடித்தம் உண்டு. பையனுக்கு 14 வயது, பெண்ணுக்கு 10. சொந்தக்காரர்கள் ஏழு லட்சம் வரும் என்கிறார்கள், கம்பெனியில் அவ்வளவு வராது என்கிறார்கள். பென்ஷன் எப்படிக் கணக்குப் போடுவார்கள்? அதற்கு முன் பெருமாநல்லூரில் 5 வருடம் வேலை செய்தார், அதுவும் சேருமா?
- ஒரு வாசகி, அவிநாசி

பதில்: சகோதரி, முதல் வேலையாக உங்கள் கணவரின் செல்போன் எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். பி.எஃப். பாஸ்புக்கைத் திறக்க ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு என்று ஒரு கட்டம் இருக்கும். சம்பளத்தில் 8.33 சதவீதம் மாதாமாதம் அங்கே போகிறது. அந்தத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கினால், கம்பெனி எந்தச் சம்பளத்துக்குப் பி.எஃப். கட்டியது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். 1,000 ரூபாய் என்றால் 12,000 சம்பளம். 1,250 என்றால் 15,000, அதுதான் உச்சவரம்பு. கையில் வாங்கிய இருபதாயிரத்துக்கு இங்கே வேலையே இல்லை. நம் பக்கம் அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டி மீதியை அலவன்ஸில் போடும் பழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாகத் தரும் அலவன்ஸையும் சேர்த்துத்தான் பி.எஃப். கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019ல் சொல்லியும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. அதன் பாரம் கடைசியில் உங்களைப் போன்றவர்கள் தலையில்தான் விழுகிறது.

சரி, பென்ஷன். கடைசி 60 மாதப் பி.எஃப். சம்பளத்தின் சராசரியைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70 ஆல் வகுப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடம், எனவே உங்களுக்கு 12. சராசரி 10,500 என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,800 ரூபாய். வேலையில் இருக்கும்போதே இறந்ததால் இந்த முழுத் தொகையும் உங்களுக்கு. ஓய்வு பெற்றபின் இறந்திருந்தால்தான் பாதி. ஒவ்வொரு குழந்தைக்கும் இதில் 25 சதவீதம், அதாவது 450, அவர்களுக்கு 25 வயது ஆகும்வரை. ஆக மூன்று பேருக்கும் 2,700.

இதைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தபோது இருந்த சம்பளத்தை வைத்துத் திட்டத்திலேயே ஒரு தனிப் பட்டியல் உண்டு. இரண்டில் எது அதிகமோ அதைத்தான் தர வேண்டும். சேவை குறைவாக இருப்பவர்களுக்குக் கைகொடுப்பது அந்தப் பட்டியல்தான், கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள். எப்படியும் உங்கள் பென்ஷன் 1,000க்குக் கீழே போகாது.

பெருமாநல்லூர் 5 வருடம்? அங்கிருந்து விலகியபோது பென்ஷன் பணத்தையும் படிவம் 10சி போட்டு எடுத்திருந்தால் அந்த வருடங்கள் போனதுதான். பி.எஃப். மட்டும் எடுத்துவிட்டுப் பென்ஷனைத் தொடாமல் விட்டிருந்தால் அவை சேரும். அப்போது 17 வருடம், பென்ஷன் 2,550. மாதம் 750 கூடுகிறது என்பதால் பழைய பி.எஃப். எண்ணை வீட்டில் தேடிப் பாருங்கள்.

ஏழு லட்சம் என்பது ஈ.டி.எல்.ஐ., அதாவது பி.எஃப். உள்ளவர் வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குத் தரும் காப்பீட்டின் உச்சத்தொகை. கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை 35 ஆல் பெருக்கி, அதே காலத்துப் பி.எஃப். சராசரி இருப்பில் பாதியைச் சேர்ப்பார்கள். அந்தப் பாதி 1,75,000ஐத் தாண்டாது. 12,000 சம்பளமும் 2,60,000 இருப்பும் என்றால் 4,20,000 உடன் 1,30,000, மொத்தம் 5,50,000. தொடர்ந்து ஒரு வருடம் வேலையில் இருந்தவருக்குக் குறைந்தபட்சமே 2,50,000. பி.எஃப். இருப்பு இதற்கு மேல் தனியாக வரும்.

கம்பெனியிடம் கிராஜுவிட்டியையும் (பணிக்கொடை) கேளுங்கள். கடைசிச் சம்பளம் 12,000 என்றால் அதை 15 ஆல் பெருக்கி 26 ஆல் வகுத்து, 12 வருடத்தால் பெருக்க 83,077 ரூபாய். இறப்புக்கு ஐந்து வருட நிபந்தனை கூடக் கிடையாது.

இ.எஸ்.ஐ. விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வேலையால் வந்த விபத்தில் இறந்தால்தான் சம்பளத்தில் 90 சதவீதம் குடும்பத்துக்குப் பங்கு பிரியும். வீட்டில் வந்த மாரடைப்புக்கு அது பொருந்தாது. ஈமச்சடங்குச் செலவுக்கு 15,000 கிடைக்கும், அதை விடாதீர்கள். அப்புறம், அவர் வங்கிப் பாஸ்புக்கில் மே, ஜூன் பக்கம் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, இரண்டு லட்சம். வங்கிக்காரர்கள் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள்.

பென்ஷனுக்குப் படிவம் 10டி, பி.எஃப். பணத்துக்கு 20, காப்பீட்டுக்கு 5ஐஎஃப். இறப்புச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், உங்கள் வங்கிப் பாஸ்புக் நகல் எல்லாம் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், தாசில்தார் கையெழுத்து ஆகி வரக் கொஞ்சம் நாளாகும்.