யூட்டா, அரிசோனா செம்பாறைப் பயணம்: கேள்வி பதில்

நானும் நண்பனும் ஜூலையில் போகிறோம். லாஸ் வேகஸில் கார் எடுத்து சயான், பிரைஸ் தேசியப் பூங்காக்கள், மோவாப், மான்யுமெண்ட் வேலி, அரிசோனாவின் பேஜ் ஊர் வழியாகத் திரும்ப ஐந்து நாள் போதுமா?

ஓட்டி முடிக்கலாம், பார்க்க முடியாது. மொத்தம் ஆயிரம் மைலுக்கு மேல் வரும். ஏழு நாளாவது ஒதுக்குங்கள். சயானிலிருந்து பிரைஸ் சுமார் 85 மைல்தான், ஆனால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து டோரி என்ற ஊர் வரை 12ஆம் எண் நெடுஞ்சாலையில் 120 மைலுக்கு மூன்று மணி. எஸ்கலான்டே தாண்டியதும் 'ஹாக்பேக்' என்ற இடத்தில் சாலைக்கு இரு பக்கமும் அதலபாதாளம். அதை இருட்டில் கடக்கும்படி திட்டம் போடாதீர்கள். வேலியில்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் மாடுகள் சாலையில் நிற்கும், அந்தி சாய்ந்தால் மான்கள் குறுக்கே பாயும். ஜூலையில் வெயில் கடுமை, தேதியை மாற்ற முடிந்தால் அக்டோபருக்கு மாற்றுங்கள்.

பேஜில் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகலான பள்ளத்தாக்குக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நேரக் குழப்பம் வரும் என்கிறார்களே?

கட்டாயம் வரும். கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறது, அரிசோனா தள்ளுவதில்லை. ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவாஹோ பழங்குடியினரின் நிலம் தள்ளுகிறது. அதன் நடுவே இருக்கும் ஹோப்பி பழங்குடியினரின் நிலம் தள்ளுவதில்லை! ஆன்டிலோப் இருப்பது நவாஹோ நிலத்தில்தான். ஆனாலும் அங்கே வழிகாட்டிகள் பின்பற்றுவது பேஜ் நேரம், அதாவது அரிசோனா நேரம். மான்யுமெண்ட் வேலியிலோ நவாஹோ நேரம். எனவே காலையில் மான்யுமெண்ட் வேலியை விட்டு பேஜ் வந்தால் ஒரு மணி நேரம் லாபம். எதிர்த்திசையில் அதே அளவு நட்டம்.

வில்லன் உங்கள் போன்தான். பேஜில் உட்கார்ந்திருக்கும்போதே எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரத்தின் சிக்னலைப் பிடித்து 8:00 என்பதை 9:00 என்று காட்டும். பேஜில் இருக்கும்வரை தானியங்கி நேரத்தை அணைத்து, அரிசோனா நேரம் காட்டும் 'ஃபீனிக்ஸ்' என்று கையால் வைத்துவிடுங்கள். வழிகாட்டி இல்லாமல் ஆன்டிலோப்புக்குள் விடமாட்டார்கள். தேசியப் பூங்கா ஆண்டுப் பாஸ் ஆன்டிலோப், மான்யுமெண்ட் வேலி இரண்டிலும் செல்லாது. நவாஹோ நிலத்தில் மது வைத்திருப்பதே குற்றம். ஐஸ் பெட்டியில் பீர் இருந்தால் எல்லைக்கு முன்பே அப்புறப்படுத்துங்கள்.

வாடகைக்கு எஸ்யூவி எடுத்தால் யூட்டாவின் காட்டன்வுட் கேன்யன் மண்சாலையில் போகலாமா?

முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் போடாத சாலையில் ஓட்ட பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. மீறிப் போய்ச் சிக்கினால் இழுவை வண்டிச் செலவு உங்கள் தலையில்தான். காய்ந்திருக்கும்போது அந்தச் சாலை பெரிய சிக்கல் தராது. மழை பெய்தால் கதை வேறு: அங்குள்ள களிமண்ணில் பென்டோனைட் என்ற கனிமம் உண்டு. நீரை உறிஞ்சி உப்பும், டயரின் வெட்டுகளை நிரப்பும், டயர் வழுவழு உருளையாகிவிடும். நாலு சக்கரமும் இழுத்தாலும் பிடிக்க எதுவும் இருக்காது. மழை விட்டதும் கிளம்பாமல், காயும்வரை காத்திருங்கள்.

கார் எடுக்கும் இடத்திலேயே டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னிக்குப் பதிலாக ஒரு பசைக் குப்பியும் காற்றுப் பம்பும் மட்டும் இருந்தால் வேறு வண்டி கேளுங்கள். கூரான கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் அந்தப் பசை எதற்கும் உதவாது. காற்றழுத்தத்தைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். 10 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ கூடும். மதியம் கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

ஆளுக்கு எவ்வளவு தண்ணீர்?

ஒரு நாளைக்கு 4 லிட்டர். காரில் எப்போதும் இரண்டு நாள் இருப்பு, இரண்டு பேருக்கு 16 லிட்டர். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். அதை நீர் வற்றியதன் அறிகுறி என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள், நிலைமை மோசமாகும். உப்புக்கடலை தின்றுகொண்டே குடியுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. மோவாப் அருகே டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவுக்குப் போய்வர 3 மைல், நிழலே கிடையாது. கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்தால், வளைவு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் திரும்பிவிடுங்கள்.

வானம் தெளிவாக இருந்தால் குறுகலான பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கலாமா?

உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை நம்பாதீர்கள். பல மைல் தள்ளிப் பெய்த மழைதான் வெள்ளமாக வரும். அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டில் ஏறுங்கள்.

பாதையோரம் கறுப்பாக, பொருக்குப் பொருக்காக ஒரு மண் இருக்கிறதே, அது என்ன?

உயிருள்ள மண். சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் நூலிழைபோல ஓடி மணலைக் கட்டி வைத்திருக்கிறது. ஒரு காலடி பட்டால் தேறப் பல ஆண்டுகள் ஆகும். படம் எடுக்க ஒதுங்கினால் பாறை மேலேயோ காய்ந்த ஓடை மணலிலோ நில்லுங்கள்.

பெட்ரோல் பங்கில் ஆக்டேன் எண் 85 என்று போட்டிருக்கிறதே, போடலாமா?

உயரமான பகுதி என்பதால் யூட்டாவில் அதை விற்கிறார்கள். உங்கள் காரின் கையேடு 87 கேட்டால் 87-ஐயே போடுங்கள்.