மாடுலஸ் கணக்கில் எப்போது ஒரே வரி, எப்போது 'அல்லது'?

கேள்வி: |2அ − 6| > 4 என்பதை −4 > 2அ − 6 > 4 என்று எழுதினேன். மதிப்பெண் இல்லை. ஏன்?

பதினொன்றாம் வகுப்பில் இதே வரியை எழுதி, சிவப்பு மையில் சுழி வாங்கியவன் நான். எழுதியதில் நடுவில் இருப்பதை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்: −4 > 4. விளங்குமா?

சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். மாடுலஸ் என்றால் தூரம், அவ்வளவுதான். |அ − 3| என்பது எண்கோட்டில் அ-வுக்கும் 3-க்கும் உள்ள தூரம். நீளமான வரப்பு ஒன்றில் 3 என்ற இடத்தில் முளையடித்து, 2 அடிக் கயிற்றில் ஆட்டைக் கட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு எட்டும் புல் 1 முதல் 5 வரை. ஒரே துண்டு. அதனால்தான் |அ − 3| < 2 என்றால் 1 < அ < 5 என்று ஒரே வரியில் எழுத முடிகிறது. எட்டாத புல்லோ இடப்பக்கம் ஒரு துண்டு, வலப்பக்கம் ஒரு துண்டு. எந்தப் புல்லும் இரண்டு பக்கமும் முளைத்திருக்காது. ஆகவே 'அல்லது'.

உங்கள் கணக்கில் 2-ஐ வெளியே எடுத்தால் |அ − 3| > 2. அதே முளை, அதே கயிறு. விடை: அ < 1 அல்லது அ > 5. சரிபார்க்க 0 போடுங்கள்: |−6| = 6, நான்கைவிடப் பெரிது. 3 போட்டால் பூச்சியம்தான் வரும், ஆகாது.

|அ + 1| என்று வந்தால் முளை −1-இல் இருக்கிறது, 1-இல் இல்லை. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

|5 − 2அ| ≤ 3 மாதிரி வந்தால் உள்ளே இருப்பதைத் திருப்பி |2அ − 5| ≤ 3 என்று எழுதிக்கொள்ளுங்கள். தூரத்தை எந்த முனையிலிருந்து அளந்தால் என்ன? 1 ≤ அ ≤ 4. குறி மாற்றும் தலைவலியே இல்லை.

|அ + 1| < −2 என்று கேட்டால் பேனாவை வைத்துவிடலாம், தீர்வே கிடையாது. அதுவே > −2 என்றால் எல்லா மெய்யெண்ணும் விடை.

அப்புறம் எனக்குப் பிடித்தது ஒன்று: |அ − 1| < |அ − 7|. 7-ஐவிட 1-க்குப் பக்கத்தில் இருக்கும் எண்கள் எவை என்பதுதான் கேள்வி. நடுப்புள்ளி 4, ஆகவே அ < 4. பரீட்சையில் மட்டும் இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தி, 12அ < 48 என்று படி காட்டிவிடுங்கள். ஆட்டுக்கு மார்க் போட மாட்டார்கள்.