கோப்பையில் எழுதிய ஆண்டை நம்பலாமா?

கேள்வி: ஜெர்மனியின் சாக்சனிப் பகுதி அரச சின்னமும் 1614 என்ற ஆண்டும் தீட்டிய உயரமான ‘ஹும்பன்’ கண்ணாடி பீர்க் கோப்பைக்கு டிரெஸ்டன் கடையில் 900 யூரோ கேட்கிறார்கள். ஆண்டே இருக்கும்போது யோசிக்க வேண்டுமா?

பதில்: ஆண்டு இருப்பதால்தான் யோசிக்க வேண்டும். சாக்சனி அரண்மனைகளின் மதுக்கிடங்குகளுக்காக 17-ஆம் நூற்றாண்டில் எனாமல் தீட்டிய ஹும்பன்கள் செய்யப்பட்டது உண்மை. எந்த மாளிகையின் கிடங்கு என்றுகூடச் சிலவற்றில் எழுதியிருக்கும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் பழைய ஜெர்மன் பாணிமீது மோகம் கிளம்பியது. சைலீசியாவில் (இன்று பெரும்பாலும் போலந்தில் உள்ள பகுதி) 1866-இல் தொடங்கிய ஃப்ரிட்ஸ் ஹெக்கர்ட் பட்டறை உட்படப் பலரும் அதே வடிவத்தில், பழைய ஆண்டையும் தீட்டிச் செய்து விற்றார்கள். புதிய சரக்கென்று சொல்லியே விற்றார்கள். அடியில் குறியிட்டவையும் உண்டு. அந்தக் குறியைத் தேய்த்தெடுத்துவிட்டு ‘அரண்மனைப் பொருள்’ என்று கதை சொல்பவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. புனித ரோமப் பேரரசின் சின்னமான இரட்டைத்தலைக் கழுகின் சிறகுகளில் 56 சின்னக் கேடயங்கள் கொண்ட ஹும்பன் ஒன்றை நானும் வாங்கினேன். கேடயங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன், சரியாக இருந்தன. அடியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. நூறாண்டுகள் மேசையில் உரசிய கண்ணாடியில் கீறல்கள் பல திசைகளில் ஓடும். என்னுடையதில் எல்லாம் ஒரே பக்கம், உப்புத்தாள் போட்டதுபோல. இப்போது அதில் பேனாக்கள் இருக்கின்றன.

கேள்வி: பெர்லினை அடுத்த போட்ஸ்டாமில் 17-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி வல்லுநர் யோஹான் குங்கெல் தங்கம் சேர்த்து உருக்கிய சிவப்புக் கண்ணாடி என்று ஒரு கோப்பை வாங்கிவிட்டேன். வெட்டுவேலை உள்ள இடங்களில் மட்டும் நிறமின்றித் தெரிகிறதே?

பதில்: மேலே பூசிய சிவப்பு. குங்கெலின் கண்ணாடியில் நிறம் உள்ளே வரை இருக்கும். வாங்கும் முன் கேட்டிருக்கலாம்.

கேள்வி: அதில் ஒயின் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: என் அம்மா ஜெர்மன் வணிகர் ஒருவரிடம் இணையத்தில் வாங்கிய பழைய மூடிக்கோப்பை வியர்க்கிறது, நுண்விரிசலும் தெரிகிறது. அம்மா வினிகரில் கழுவச் சொல்கிறார். வந்து ஒன்பது நாளாகிறது.

பதில்: கழுவவே கழுவாதீர்கள். இது அழுக்கல்ல, கண்ணாடி நோய். சோடா, பொட்டாஷ் போன்ற காரப்பொருள் மிகுந்து சுண்ணாம்பு குறைந்த கலவை ஈரத்தில் கரைகிறது. தொடக்ககாலப் போட்ஸ்டாம் கண்ணாடியிலும் இது உண்டு. அம்மாவின் தவறு எதுவுமில்லை, அவரிடம் சொல்லுங்கள். வணிகரிடம் இணையத்தில் வாங்கியதை, கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்ப ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இடம் தருகிறது. இன்றே எழுத்தில் தெரிவியுங்கள், விரிசலைப் படமெடுத்து வையுங்கள்.

கேள்வி: தனிநபரிடம் ரசீதில்லாமல் வாங்கினேன். அந்த 14 நாள் எனக்கும் உண்டா?

பதில்: இல்லை.