நாகர்கோவிலில் இருந்துகொண்டு துபாயில் விடுமுறைக்கு ஒரு பிளாட் வாங்கலாமா?

வாங்கலாம். வெளிநாட்டவர் சொந்தமாக வாங்க அனுமதியுள்ள பகுதிகள் துபாயில் இருக்கின்றன. சிக்கல் பணம் அனுப்புவதிலும் கணக்குக் காட்டுவதிலும்தான்.

ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். மனைவியும் பங்குதாரர் என்றால் அவர் வரம்பையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20% வரியை முன்கூட்டியே பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அது கழியும் அல்லது திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவரை அந்தக் காசு கையில் இருக்காது. பலர் இதைக் கணக்கில் வைப்பதில்லை. அங்கே பதிவுக் கட்டணம் 4%, பிறகு வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம். வீடு பூட்டிக் கிடந்தாலும் கட்டியே ஆகணும்.

வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பாமல் விடாதீர்கள். 2015 கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். சிறிய வெளிநாட்டுச் சொத்துகளுக்குத் தந்த 20 லட்ச விலக்கு வீடு, நிலத்துக்குப் பொருந்தாது. வாடகைக்கு விட்டால் அந்த வருமானத்தையும் இங்கே காட்டணும்.

பயணம் எளிது. திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம், ஏறக்குறைய நாலு மணி நேரம். விமான நிலையம் போகும் வழியில் மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலுக்குத்தான் கூடுதல் நேரம் வைக்கணும், அதிலும் ஓணம் சமயத்தில். பிளாட் இருப்பதாலேயே விசா வந்துவிடாது, அது தனி வேலை.

நம்ம பிள்ளைகளின் மே விடுமுறையில் அங்கே வெயில் 40 டிகிரியை எட்டும். டிசம்பரில் மட்டும் போகிறவருக்கு வாடகை வீடே லாபம் என்பேன்.