வராத டிரம்மும் வாங்காத பில்லும்

கேள்வி: மஞ்சள் மூட்டை ஏற்றும் பிக்கப். மழைக்காலம் முழுக்க ஹேண்ட் பிரேக் போட்டபடி வாசலில் நின்றது. இப்போது பின் இடது பிரேக் டிரம் கழலவே மாட்டேன் என்கிறது. சம்மட்டியால் உடைத்துவிட்டுப் புதுசு போடலாம் என்கிறார் மெக்கானிக். வாங்கிவிடட்டுங்களா? – பெருந்துறை வாசகர்

பதில்: இன்னும் வாங்காதீர்கள். டிரம் எங்கே பிடித்திருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு டிரம்மைச் சுற்றிப் பாருங்கள்.

சுற்றவே இல்லையென்றால் ஷூ (டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் வளைந்த கட்டை) டிரம்மோடு ஒட்டியிருக்கிறது, அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறித் திரும்பாமல் நிற்கிறது. சுற்றுகிறது, கொஞ்சம் வெளியே வந்து நின்றுவிடுகிறது என்றால் உள்ளே விளிம்பு விழுந்திருக்கிறது. ஷூ மேல் ஒட்டிய லைனிங் உரசும் இடம் தேய்ந்து பள்ளமாகி, உரசாத ஓரம் மட்டும் உயர்ந்து நிற்கும். ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி வைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். பின் தட்டில் ரப்பர் மூடி போட்ட ஒரு துளை இருக்கும். அதன் வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பல் சக்கரத்தைத் தளரும் பக்கமாகத் திருப்புங்கள். தானே சரிசெய்துகொள்ளும் வகை என்றால், அதன் கொக்கியை இன்னொரு கம்பியால் தள்ளிப் பிடித்தால்தான் திரும்பும்.

சுற்றுகிறது, ஆனால் வெளியே இம்மியும் அசையவில்லை என்றால் டிரம் உட்காரும் நடுப்பாகமான ஹப்பைச் சுற்றித் துரு. நடு வட்டத்திலும், சக்கரம் மாட்டும் போல்ட்டான ஸ்டட் அடியிலும் துரு இளக்கும் எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். லைனிங் பக்கம் போகவே கூடாது. பல டிரம்களின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும், பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போல்ட் ஏறும். இரண்டிலும் போல்ட் போட்டு, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என மாற்றி மாற்றி முடுக்கினால் டிரம் தானே எழும்பி வரும். ஒரே போல்ட்டை இறுக்கினால் மரை போய்விடும். தட்டுவதானால் ஸ்டட்டுகளுக்கு இடையே முகத்தில் அளவாகத் தட்டலாம், வெளி ஓரத்தில் அல்ல. கோவைப் பக்கம் பவுண்டரி பார்த்தவர்களுக்குத் தெரியும்: வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. சில வண்டிகளில் அச்சுத்தண்டை உருவினால்தான் டிரம் வரும். அதில் எத்தனை அடித்தாலும் வீண். உங்கள் மெக்கானிக் இதில் எதையாவது செய்து பார்த்தாரா என்று கேளுங்கள்.

கேள்வி: கழன்ற டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதலாமா? – கரூர்

பதில்: கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், நனைத்துத் துடையுங்கள்.

கேள்வி: ஒரு பக்க ஷூவில்தான் ஆயில் பட்டிருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா? – தாராபுரம்

பதில்: போதாது. இரண்டு பக்கமும் மாற்றுங்கள். அதற்கு முன்னால் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்துங்கள்.

கேள்வி: பழைய பிக்கப் ஒன்றைத் தெரிந்தவரின் நண்பரிடம் வாங்கினேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஒரு வாரத்தில் பின் பிரேக் பிடிக்கவில்லை. விற்றவர் போனை எடுப்பதில்லை. வழக்குப் போடலாமா? – வெள்ளகோவில்

பதில்: பெயிண்டைப் பார்த்தீர்கள், ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. ஒரு மெக்கானிக்குக்கு அரை நாள் கூலி கொடுத்திருந்தால் டயரின் உட்புறம் எண்ணெய் வழிந்த தடத்தை அவர் காட்டியிருப்பார். லட்சக்கணக்கில் பணம் கொடுப்பவர் இதைச் செய்யாமல் இருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நுகர்வோர் சட்டம் வியாபாரம் செய்பவரைப் பிடிப்பது. தான் ஓட்டிய வண்டியை விற்ற தனி ஆளை அதில் இழுப்பது கடினம். பிரேக்கைச் சரிசெய்யும்வரை வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.

கேள்வி: பட்டறையில் கழற்றும்போது டிரம்மை உடைத்துவிட்டார்கள். புது டிரம் காசையும் என்னிடமே கேட்கிறார்கள். – சங்ககிரி

பதில்: உங்களைக் கேட்காமல் உடைத்திருந்தால் அது சேவைக் குறைபாடு, தயங்காமல் மறுத்துப் பேசுங்கள். உடைந்த துண்டுகளை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். அவைதான் உங்கள் சாட்சி.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் விலை குறையும் என்றார்கள், புது டிரம் வாங்கினேன். பிரேக் மிதித்தால் பெடல் துடிக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று போர்டைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். – திருப்பூர்

பதில்: உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பொள்ளாச்சியில் எங்கள் தேங்காய் வண்டிக்கு நானும் இப்படித்தான் பில் இல்லாமல் ஒரு டிரம் வாங்கினேன். லேத்தில் வைத்துப் பார்த்தால் வட்டமே இல்லை. கடைக்காரர் என்னைத் தெரியாதென்றே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் போர்டைப் பார்த்தாலே எனக்கு ஆறுவதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் இருப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. சட்டத்துக்கு முன்னால் அந்தப் போர்டு வெறும் தகரம்.

பணத்தை யுபிஐயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு இருக்கும். டிரம் வந்த பெட்டியை எடுத்து வையுங்கள். லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்த்து, கோணலின் அளவை எழுதி வாங்குங்கள். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள்: 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். “வியாபாரத்துக்கு ஓட்டும் வண்டிதானே” என்று மடக்கப் பார்ப்பார்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது.

கேள்வி: பள்ளம் விழுந்த டிரம்மை லேத்தில் கடைந்து போடலாமா? – ஈரோடு

பதில்: டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் வார்த்திருக்கும். கடைந்த பிறகு அதைத் தாண்டினால் அது காயலான் கடைக்குத்தான்.

கேள்வி: திம்பம் மலையின் 27 வளைவும் இறங்கிப் பண்ணாரியில் டீ குடிக்க நிறுத்தினால், சில நாள் பின் சக்கரம் பிடித்துக்கொள்கிறது. டிரம் மாற்றணுங்களா? – சத்தியமங்கலம்

பதில்: வேண்டாம். சூட்டில் டிரம் விரிந்திருக்கும்போது ஹேண்ட் பிரேக் இழுக்கிறீர்கள், ஆறும்போது அது சுருங்கி ஷூவைக் கவ்வுகிறது. சின்ன கியரில் இறங்குங்கள். நிறுத்தியதும் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். ஹேண்ட் பிரேக் இழுக்காமலே பிடித்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைக் கழற்றிப் பாருங்கள்.